கோட்டைக்குள்ள மான் நிக்குது, போகிமான் ஏன் இல்லை?

உப்புவெளிப் பெடியன்:
திருகோணமலையில கோணேசர் கோயிலுக்குப் போற வழியில பிரெட்ரிக் கோட்டைக்குள்ள எவ்வளவு மரம், நிழல்! 'போகிமான் கோ' எண்ட போன் விளையாட்டில அங்க போகிமான் ஒண்டும் பெரிசா வருதில்லை. ஆரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் எண்ட இணைய வரைபடத்தில நானே அதைப் பூங்கா எண்டு போட்டா வருமோ?

கீறல்மாமா:
போடாத தம்பி. 2017 டிசம்பரில விளையாட்டு கூகுள் மேப்பை விட்டு ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறினது. பூங்கா, காடு எண்டு குறிச்ச பரப்பைப் பார்த்துத்தான் எது எங்க வரும் எண்டு ஓரளவு முடிவாகுது. அதால ஊர் ஊரா இல்லாத பூங்கா முளைச்சு, அதுகளை அழிக்கிற மேப் தொண்டர்கள் களைச்சுப் போச்சினம். கோட்டைக்குள்ள ஆமிக்காம்பும் கிடக்கு, அது என்ன பூங்கா? செய்மதிப் படத்தில தெரியிற மரக்கூட்டத்தைக் கீறு, நடைபாதையைக் கீறு, அது உண்மை. விளையாட்டு எடுக்கிறது மேப்பின்ர பழைய பிரதி, உடன வராது.

நிலாவெளியாள்:
போகிஸ்டொப், அதுதான் விளையாட்டில சாமான் எடுக்கிற இடம், அது வேற கதை. அது மேப்பில இருந்து வாறதில்லை. ஆட்டக்காரர் படம் எடுத்து அனுப்ப, மற்ற ஆட்டக்காரர் பார்த்து ஏத்துக்கொள்ளோணும்.

உப்புவெளிப் பெடியன்:
அப்ப கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணத்துக்கும் ஏழு ஸ்டொப் கேக்கட்டோ அக்கா?

நிலாவெளியாள்:
ஒண்டு கிடைச்சாலே பெரிய விசயம்.