மாங்குளம் ரயிலும் வட்டுவாகல் பாலமும்: வேலை எந்த அளவில் நிற்கிறது?

வன்னிமகள்:

வணக்கம். மாங்குளத்தில் குடியிருக்கிறேன். வவுனியாவில் அரச அலுவலகம் ஒன்றில் வேலை. அம்மா முள்ளிவாய்க்கால் கிழக்கில் இருக்கிறார். கோழிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆகவே கிழமை நாட்களில் தண்டவாளம், சனிக்கிழமையில் நந்திக்கடல் களப்பைக் கடக்கிற வட்டுவாகல் பாலம் என்று என் சீவியம் இரண்டு கட்டுமான வேலைகளை நம்பி ஓடுகிறது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்த பிறகு ரயிலை நம்பி வீட்டை விட்டு வெளிக்கிட முடியவில்லை. ஏ9 வீதியில் மினிபஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து, சாப்பாட்டுப் பெட்டியை முன்னால் இருக்கிற யாராவது ஒரு அக்காவின் மடியில் கொடுத்துவிட்டு, வவுனியா வரை தொங்கிக்கொண்டு போகிறேன். பத்திரிகையைத் திறந்தால் "திருத்த வேலைகள் துரிதமாக நடைபெறுகின்றன" என்ற அதே வசனம். வட்டுவாகல் பாலத்துக்கும் அதே வசனம்தான்.

என் கேள்வி இதுதான். வேலை உண்மையில் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதை என்னைப் போன்ற ஒருத்தி பார்த்து அறிந்துகொள்ள வழி இருக்கிறதா? சீசன் டிக்கெட் எடுக்கலாமா, அல்லது இன்னும் கொஞ்சக் காலம் மினிபஸ்ஸோடு மாரடிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் கதைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு இடத்தில் கதையுங்கள்.

கிளிநொச்சி மாஸ்டர்:

தங்கச்சி, அரசியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், பாதி வாயை மூடிக்கொண்டு எழுதுகிறேன்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் புயல் பாலத்தைக் கொண்டுபோன இடத்தில் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்த 120 அடி இரும்புப் பாலத்தைப் பொருத்தி டிசம்பர் 23ஆம் திகதி திறந்துவிட்டார்கள். ஒரு மாதம் ஆகவில்லை! எங்கள் பாடசாலைக்கு விசுவமடுப் பக்கத்திலிருந்து வருகிற ஆசிரியர்களுக்கு அது பெரிய ஆறுதல். வீதிக்கு ஒரு மாதம் போதும் என்றால் ரயில் பாதைக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்? இதை நானும் கேட்க இருந்தேன். வேலை தெரிந்த யாராவது வந்து சொல்லட்டும்.

பாதைக்காரன்:

நான் சொல்கிறேன். ரயில் பாதைப் பகுதியில் சம்மட்டி பிடித்து, பிறகு கங்காணியாகி, ஓய்வு பெற்றவன். 1990 ஜூனில் யாழ்ப்பாண ரயில் நின்றபோது புளியங்குளத்துக்கு வடக்கே எங்கள் பகுதி. அதற்குப் பிறகு தெற்கே மாற்றிவிட்டார்கள்.

மாஸ்டர் கேட்டதற்கு முதலில் பதில். அந்த இரும்புப் பாலம் தொழிற்சாலையில் துண்டு துண்டாகச் செய்து வைத்திருப்பது. கொண்டுவந்து ஆணி முடுக்கி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளி விடுவது. லொறி கொஞ்சம் மெதுவாக ஏறி இறங்கினால் ஒன்றும் குடி முழுகாது. ரயில் அப்படி இல்லை. என்ஜினின் பாரம் ஒரே இரண்டு கோட்டில் இறங்குகிறது. ஒரு பக்கத் தண்டவாளம் மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தாலே பெட்டி ஆடத் தொடங்கும், வேகத்தில் போனால் கவிழும்.

இப்போது பிள்ளையின் கேள்வி. பாலத்தைப் பார்க்காதே, கரையைப் பார். புயலில் பாலங்கள்தான் போயின என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் போவது பாலம் இல்லை, பாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மண் கரை. மழைத் தண்ணீர் காட்டிலிருந்து வந்து எங்கள் கரையில் முட்டும். அது கடந்து போக மதகு வைத்திருப்போம். மதகு வாயில் கொப்பும் குழையும் வந்து அடைத்தால் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். ஏறின தண்ணீர் சல்லிக்கல்லுக்குக் கீழே ஊறி நல்ல மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு போகும். விடியப் பார்த்தால் தண்டவாளமும் அதைத் தாங்குகிற கொங்கிறீற் கட்டையும் கொடிக்கயிறு போல அந்தரத்தில் தொங்கும். பாலம் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி நடுவில் நிற்கும்.

வடக்கே பரந்தன் பக்கம் இன்னும் மோசம். இரணைமடுக் குளம் 36 அடியைத் தொட்டு வான்கதவுகளைத் திறந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் வடக்கு நோக்கித்தான் வரும். பள்ளக் காணி, வயல், அதற்குள் உயர்ந்து நிற்பது வீதியும் ரயில் கரையும் மட்டும்.

அறுந்த கரையைத் திரும்பக் கட்டுகிறபோது கொட்டி நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. கொஞ்சம் மண் போட வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், உருளையை ஓட்டி இறுக்க வேண்டும், பிறகு அடுத்த படை மண். ஈரம் கூடிய மண் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது, சேறாகப் பிதுங்கும். எங்கள் மாரி மழைக்குள் இதைச் செய்வது என்றால் பெய்கிற மழையைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பாதி வேலை. அப்போது வருகிறவன் "ஆட்கள் சும்மா நிற்கிறார்கள்" என்று படம் எடுத்துப் போடுவான். அவசரப்பட்டு ஈர மண்ணின் மேல் கல்லைக் கொட்டினால் அடுத்த மாரியில் அதே இடம் இருக்கும், அதே செய்தி வரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாங்குளத்திலிருந்து வவுனியா வரை நீ போவது ஒரே பாதை இல்லை, இரண்டு பாதை. ஓமந்தைக்கு வடக்கே நாங்கள் பராமரித்த பழைய பாதையில் ஒரு கட்டை மிஞ்சவில்லை. தண்டவாளமும் கட்டையும் பங்கர்களுக்குள் போயின. மிச்சத்தைக் காடு மூடியது. கண்ணிவெடி அகற்றி, ஓமந்தையிலிருந்து பளை வரை சுமார் 90 கிலோமீட்டரை இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்டது. கிளிநொச்சிக்கு ரயில் வந்தது 2013 செப்டெம்பர் 14. ஓமந்தைக்குத் தெற்கே அப்படி இல்லை. அது பிரிட்டிஷ்காரன் காலத்துப் பாதை, அங்கங்கே திருத்தித் திருத்தி ஓட்டினது. மாகோ–ஓமந்தை 128 கிலோமீட்டரைப் பெயர்த்துப் போட 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே மூடினார்கள், ஜூலையில் திறந்தார்கள். மாகோ–அநுராதபுரம் பகுதியை 2024 ஜனவரியில் மூடினார்கள். யாழ்ப்பாணம் போகிற யாழ்தேவி ரயில் திரும்ப ஓடியது ஒக்டோபர் கடைசியில். ஆகவே "ஆறு மாதம்" என்று யாராவது சொன்னால் நீ மனதுக்குள் எட்டு ஒன்பது என்று போட்டுக்கொள். திட்டமிட்டு, முன்கூட்டியே ஆள் தளபாடம் சேர்த்துச் செய்த வேலைக்கே அந்தக் கணக்கு. புயல் வேலையில் எங்கே எத்தனை ஓட்டை என்பது தண்ணீர் வடிந்த பிறகுதான் தெரியும்.

பார்த்து அறிய வழி கேட்டாய். ரயில் ஓடத் தொடங்கின பிறகு கரையோரம் வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நடுவார்கள். புதுக் கரையில் முதலில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் விடுவார்கள். ரயில் போகப் போக மண் இறங்கும். திரும்பக் கல் போட்டு, இயந்திரத்தால் கட்டைகளுக்கு அடியில் கல்லை இடித்து இறுக்கி, மட்டம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார்கள். உன் கையில் மணிக்கூடு இருக்கிறது அல்லவா? ஓமந்தை மேடையை விட்டு வெளிக்கிட்டால் தாண்டிக்குளம் வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கிழமைக்கு ஒருமுறை பார். நேரம் குறைந்துகொண்டே வந்தால் வேலை நடக்கிறது. நாடா வெட்டி இனிப்புக் கொடுத்த பிறகும் அதே நேரம் எடுத்தால், பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது என்று அர்த்தம்.

வன்னிமகள்:

ஐயா, மிக்க நன்றி. இனி ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்தால் மதகு எண்ணிக்கொண்டு போகப் போகிறேன்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பாதை முழுவதும் சரியாகி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் எனக்கு அதில் என்ன லாபம்? கொழும்புக்குப் போகிறவர்களுக்கும் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கும் கணக்குப் பார்த்துத்தான் நேரசூசி போடுகிறார்கள். நகர்சேர் கடுகதி (இன்டர்சிட்டி) எங்களைப் போன்ற இடங்களில் நிற்பதும் இல்லை. காலையில் அலுவலகத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிற ஒருவரை மனதில் வைத்து வன்னியில் ஒரு ரயில் விட முடியாதா?

வட்டுவாகல் பற்றி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

வலைக்காரன்:

வட்டுவாகலை நான் சொல்கிறேன் அக்கா. பாலத்தடியில் இரவில் இறாலுக்கு வலை வீசுகிறவன்.

புதுப் பாலத்துக்கு 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி ஜனாதிபதி வந்து வேலையைத் தொடக்கிவைத்தார். 1,400 மில்லியன் ரூபாய் என்று சொன்னார்கள். பழைய பாலத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எதிரே ஒரு பஸ் ஏறிவிட்டால் மற்றக் கரையில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மாரியில் நந்திக்கடல் பெருகினால் தண்ணீர் பாலத்தின் மேலால் ஓடும். விளிம்பு எது, ஏரி எது என்று தெரியாது. அந்த நேரத்தில் நாங்கள் ஏறுவது இல்லை. நீங்களும் ஏறாதீர்கள், அம்மாவின் கோழிகள் ஒரு நாள் பொறுக்கும்.

முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும், பாலமும் வெளியே தெரியும். வெட்டுகிற நாளில்தான் ஒவ்வொரு வருடமும் பிரச்சினை. முந்தி வெட்டினால் இறால் குஞ்சு கடலோடு போய்விடும் என்று எங்கள் ஆட்கள் நிற்பார்கள். பிந்தி வெட்டினால் வயலும் வீதியும் தாழும் என்று மற்றவர்கள் நிற்பார்கள். புதுப் பாலம் உயர்ந்து வந்தால் அந்தச் சண்டையில் வீதிக்காரராவது விலகுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் எங்கள் சனம் எல்லாம் கடந்து வந்த பாலம் அது. புதுப் பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழையதில் ஒரு துண்டையாவது அப்படியே விட வேண்டும் என்று என் தாயார் சொல்கிறார். நானும் அதே எண்ணம்தான்.

பாதைக்காரன்:

தம்பி சொன்னது சரி. பழையதில் ஒரு துண்டு நிற்கட்டும்.

வட்டுவாகல் என் தொழில் இல்லை, ஆனாலும் பாலத்துக்குப் பாலம் சட்டம் ஒன்றுதான். களப்புச் சேற்றில் அத்திவாரம் கீழே போகப் போக மேலே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் இயந்திரம் ஒரே இடத்தில் நின்று துளைத்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். தூண் தண்ணீருக்கு மேல் வந்துவிட்டால் பிறகு மேல்தளம் கடகடவென்று முடியும். அதன் பிறகு வருகிற இரண்டு பக்க அணுகுவீதியில்தான் திரும்ப இழுபடும், ஏனென்றால் அது மண்வேலை. பாலம் முடிந்துவிட்டது, ஏறத்தான் வழியில்லை என்று ஒரு படம் கட்டாயம் பார்ப்பீர்கள். அப்போது ஒருவரையும் திட்டாதீர்கள், மண் இறங்கட்டும்.

பிள்ளை கேட்ட நேரசூசிக்கு வருகிறேன். மாகோவுக்கு வடக்கே ஒற்றைப் பாதை. எதிரெதிரே வருகிற இரண்டு ரயில்கள் ஸ்டேஷனில் மட்டும்தான் விலத்த முடியும். ஒன்று பிந்தினால் மற்றது அடுத்த ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும். காலையில் உள்ளூர் ரயில் ஒன்று விடுவதென்றால் கிளிநொச்சியிலோ முறிகண்டியிலோ இரவு தங்க ஒரு தொகுதி பெட்டியும், அதற்கு ஒரு என்ஜினும், ஓட்டுபவர் படுக்க ஒரு அறையும் வேண்டும். பாதையை விட அது சின்னச் செலவு. ஆனால் அதற்கு நாடா வெட்ட முடியாது, அதுதான் வில்லங்கம்.

மேடைக்கு மாபிள் போடச் சொல்லியோ, ஸ்டேஷனுக்கு வர்ணம் பூசச் சொல்லியோ கேட்டு மனுக் கொடுக்காதீர்கள். அதை உடனே செய்து தந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். வவுனியாவில் இத்தனை மணிக்குள் இறங்க வேண்டும், மாலையில் இத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று நேரத்தை எழுதிக் கேளுங்கள். எத்தனை பேர் என்ற கணக்கும், எந்த ஸ்டேஷனில் ஏறுவீர்கள் என்பதும் இருக்க வேண்டும்.

சீசன் டிக்கெட்டைப் பற்றி: கரை வேலை முடியும் வரை எடுக்காதே. எடுத்துவிட்டு மினிபஸ்ஸுக்கும் காசு கொடுப்பாய்.

கிளிநொச்சி மாஸ்டர்:

மனு என்றால் ஆசிரியர்களையும் சேருங்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியா வடக்குப் பாடசாலைகளுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். 7.30க்கு மணி அடித்துவிடும், ஆகவே 8 மணிக்கு இறங்கும் ரயிலால் எங்களுக்குப் பயன் இல்லை. தங்கச்சி, உங்கள் அலுவலகம் 8.30 என்றால் நீங்கள் கொஞ்சம் முந்தி எழும்ப வேண்டி வரும், சம்மதமா?

வன்னிமகள்:

இப்போதே 4.30க்கு எழும்புகிறேன், மாஸ்டர். முந்தின ரயில் என்றால் இருந்துகொண்டு போகலாம், சம்மதம். புளியங்குளம், ஓமந்தையில் ஏறுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்கள் வேலை நேரத்தை இங்கே எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முள்ளிவாய்க்காலால் திரும்பி வந்து மனுவை எழுதத் தொடங்குகிறேன்.