கோடியக்கரைக்குக் கிழக்கே: பறிபோன வலை, பிடிபட்ட படகு (அனுபவப் பகிர்வு)

அலைவாய்: ஆறுகாட்டுத்துறைக்கு விடியற்காலையில் வந்த அந்த ஃபைபர் படகு இன்னும் உறுத்துகிறது. நடுக்கடலில் கொள்ளையர்கள் ஏறி வலை, வாக்கிடாக்கி, பேட்டரி, ஜிபிஎஸ் எல்லாம் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் போகிற டியூபையும் அறுத்துவிட்டிருந்தார்கள். ஸ்டியரிங் பிடித்தவர் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார், துண்டு முழுக்க ரத்தம். கடலோரக் காவல் நிலையத்தில் முதல் கேள்வி, "எந்த இடம்?" இடத்தைக் காட்டுகிற ஜிபிஎஸ்தான் போய்விட்டதே! வலை போட்டதும் எத்தனை பாகம் (சுமார் ஆறு அடி) ஆழம், கரையிலிருந்து எத்தனை நாட்டிக்கல் (கடல் மைல்) என்று கரைக்குச் சொல்லிவிட வேண்டும். ஜிபிஎஸ் பில், சீரியல் நம்பர் வீட்டில் இருக்கட்டும். காயம் பட்டவரை முதலில் அரசு மருத்துவமனையில் காட்டிப் பதிவு வாங்குங்கள். தாமதமானால் வழக்கு பலவீனமாகிவிடும்.

மல்லிப்பட்டினம்: உங்களுக்கு நடந்தது கொள்ளை. எங்களுக்கு வழக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். இலங்கைக் கடற்படை பிடித்தால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஊர்க்காவல்துறை நீதிமன்றம். ஆட்கள் திரும்பினாலும் படகு திரும்பாது, அதற்கு விசாரணை தனி. இலங்கையின் 2018 சட்டத்துக்குப் பிறகு உரிமையாளரே அசல் ஆர்சியோடு (படகுப் பதிவுச் சான்று) நேரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் படகு இலங்கை அரசுடைமை. கைமாறிய படகுக்கு ஆர்சி பழைய ஆள் பேரிலேயே கிடந்தால் அங்கேயே தோற்றது. யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மரப்படகுகளில் தண்ணீர் இறைக்க ஆளில்லை. ஒரு மழைக்காலம் போதும், மூழ்கிவிடும்.

வேதை: அண்ணே, படகு பிடிபட்டதை மட்டும் சொன்னால் போதுமா? அந்தப் பக்கத்து, வட இலங்கை மீனவர் போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள். 2009க்குப் பிறகு கடன் வாங்கிப் போட்ட வலைமேல் ராத்திரியில் நம் விசைப்படகின் இழுவைமடி (கடலடியில் இழுத்துப் போகும் வலை) ஏறினால், காலையில் அவர்களுக்கு மிஞ்சுவது மிதவைதான். 2017-ல் அங்கே இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

கேட்காமலே சொல்கிறேன், இழுவைமடிக்கு மாற்றாக வந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தைப் பாருங்கள். 2017-ல் வந்தபோது ஒரு படகு 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, கையிலிருந்து 8. இடிப்பது அந்த எட்டிலும் கடன் தவணையிலும்தான். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், சூரை மீனுக்கு அதைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போக வேண்டும். போய்வரப் பல நாள், அத்தனை நாளுக்கும் டீசலும் ஐஸும். ஒரு ராத்திரித் தொழிலுக்குப் பழகிய ஆட்களுக்குத் தூண்டில் வேலை புதிது. சூரையைத் தூக்கியதும் ரத்தம் வடித்து, குடல் எடுத்து, உடனே ஐஸில் புதைக்காவிட்டால் கரையில் பாதி விலைகூடத் தேறாது. ஆளைப் பழக்கிவிட்டு அப்புறம் படகுக்கு மனுப் போடுங்கள்.