இலங்கைக் கட்டடக் கலைஞர் மின்னெட் டி சில்வா பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறீங்களா?

மண்சுவர்:
கட்டடக்கலை இரண்டாம் வருசம் படிக்கிறன். வெப்பவலய நவீனம், அதாவது நவீன கட்டடக்கலையை எங்கட வெக்கை, மழைக்கு ஏத்த மாதிரிச் செய்யிற பாணி, எண்டாலே எங்களுக்கு இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவிலதான் தொடங்குது. மின்னெட்டுக்கு ஒரு வரி: 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில இணைஞ்ச முதல் ஆசியப் பெண். அதுக்கு மேல என்ன செய்தவ?

கண்டிக்காரி:
தம்பி, நான் வளர்ந்தது கண்டியில வட்டபுலுவையில. அரச ஊழியருக்கெண்டு 1950களின் கடைசியில அவ திட்டமிட்ட குடியிருப்பு. வீட்டை வரைய முதல் குடும்பங்களுக்குக் கேள்விப் பட்டியல் குடுத்து, எப்பிடி வாழுறீங்கள், என்ன வேணும் எண்டு கேட்டவ. எங்கட அம்மம்மா கண்மூடுமட்டும் சொல்லுவா, "இது எங்களைக் கேட்டுக் கட்டின வீடு" எண்டு. வேறவேற இனம், மதம், ஆனா ஒரே மலைச்சரிவு.

அவவின்ர அம்மா அக்னெஸ் பெண்களின்ர வாக்குரிமைக்காகப் போராடினவ. இங்க கட்டடக்கலைப் பள்ளி இல்லாத காலம், மகள் பம்பாய்க்குப் படிக்கப் போனா. காந்தியை விடுதலை செய்யச் சொல்லி நடந்த கூட்டத்துக்குப் போனதால அங்கயிருந்து நீக்கப்பட்டா. பிறகு இந்தியாவில இருந்த ஜேர்மன் கட்டடக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிட்ட வேலை, பிறகு லண்டன். கேள்வி கேக்கிற குணம் வீட்டிலயே வந்தது எண்டுதான் நான் நம்புறன்.

சாந்துக்கரண்டி:
மின்னெட்டை, பிரெஞ்சு நவீன கட்டடக் கலைஞர் லு கோர்பூசியேயின்ர சிநேகிதி எண்டே எழுதி முடிச்சுவிடுவினம். எனக்கு மனவருத்தம் அதுதான். கண்டியில கருணாரத்ன வீட்டைப் பாருங்கோ, 1951இல் முடிஞ்சது. காங்கிரீட்டும் கண்ணாடியும் இருக்கு, ஆனா கதவுப் பலகையில கண்டிப் பக்கத்துத் தும்பறையின்ர பாய் நெசவு, சுட்ட களிமண் ஓட்டில உருவங்கள். நெசவுகாரரின்ர கைவேலையை அலங்காரமாத் தொங்கவிடேல்லை, கதவாவே ஆக்கினவ. கொழும்பில பீரிஸ் வீட்டைத் தூண்களில உயர்த்தி, தோட்டத்தைக் கீழால விட்டவ. பாவா கட்டடக் கலைஞராத் தகுதி பெற்றது 1957இல். பாவாவைக் குறைச்சுச் சொல்லேல்லை, அவரை நானும் கும்பிடுறன். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

மண்சுவர்:
நன்றி அக்கா, அண்ணா. கருணாரத்ன வீட்டுக்குள்ள போய்ப் பார்க்கலாமோ?

கண்டிக்காரி:
அது ஆக்களின்ர வீடு தம்பி, சொல்லாமல் போகாதீங்கோ. வாவிக்கரையில கண்டி கலைச் சங்க மண்டபம் இருக்கு, 1980களில அவ கட்டினது. பின்னேரம் நடனம் பார்க்கச் சனம் வரும். ஒரு மணித்தியாலம் முந்திப் போய், மேளம் தொடங்க முதல் வெளிச்சம் எங்கயிருந்து உள்ள வருது எண்டு பாருங்கோ.