கலைச்சொல் உதவி: ‘வயபிலிட்டி கேப் ஃபண்டிங்’ தமிழில் எப்படி?

செ.ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். குடிநீர், குப்பை, பேருந்து நிலையம் மாதிரியான பணிகளில் அரசும் தனியாரும் சேர்ந்து பணம் போடுவது பற்றிய அத்தியாயத்தில் ‘வயபிலிட்டி கேப் ஃபண்டிங்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. தேடினால் ‘நம்பகத்தன்மை இடைவெளி நிதி’ என்று கிடைக்கிறது. யாரும் யாரையும் நம்பாததல்ல இங்கே சிக்கல். ‘சாத்தியக்கூறு இடைவெளி நிதி’ என்றும் பார்த்தேன். சாத்தியம் என்றால் செய்ய முடியுமா என்று ஆகிவிடும். பாலத்தைக் கட்ட முடியும், அதில் சந்தேகமில்லை. போட்ட பணம் திரும்புமா என்பதுதான் கேள்வி. உதவுங்கள்.

க.வே. எழுதியது:

நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்லுக்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். திட்டம் ஊருக்குத் தேவை, ஆனால் கட்டணம் வசூலித்து நடத்தினால் வட்டி, பராமரிப்பு எல்லாம் போகக் கையைக் கடிக்கும், அதனால் தனியார் யாரும் வரமாட்டார்கள். அந்தக் குறையை அரசு பணம் கொடுத்து நிரப்புகிறது. பொதுவாக மத்திய அரசு திட்டச் செலவில் 20 சதவீதம் வரை, திட்டத்தை நடத்தும் மாநில அரசோ அமைப்போ விரும்பினால் இன்னொரு 20 வரை. 2020 நவம்பரில் விதியைத் திருத்தி, குடிநீர், கழிவுநீர், குப்பை, மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு இருபக்கமும் 30 சதவீதம் வரை போகலாம் என்றார்கள். ஆனால் அந்தத் திட்டம் நடத்தும் செலவையாவது கட்டணத்தில் முழுக்க எடுக்கவேண்டும். மருத்துவம், கல்வியில் முன்னோடித் திட்டம் என்றால் நடத்தும் செலவில் பாதி வந்தாலே போதும், உதவியும் கூடுதல்.

உறுப்பினர்கள் கவனிக்கவேண்டியது இரண்டு. டெண்டரில் யார் அரசிடம் மிகக் குறைவான தொகை கேட்கிறார்களோ அவர்களுக்கே வேலை. அப்புறம், நிறுவனம் முதலில் தன் சொந்த முதலைப் போட்டுச் செலவழிக்கவேண்டும். அதன் பிறகுதான் வங்கிக் கடன் இறங்க இறங்க அதே விகிதத்தில் அரசுப் பணமும் இறங்கும். முன்பணமாகக் கையில் கொடுப்பதல்ல. அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் ‘வி.ஜி.எஃப்.’ என்றுதான் சொல்வோம்.

மா.பெ. எழுதியது:

வள்ளுவர் தெரிந்துசெயல்வகையின் முதல் குறளிலேயே இதைச் சொல்லிவிட்டார்.

அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்.

அழிவது செலவு, ஆவது வரவு, வழிபயக்கும் ஊதியம் பின்னால் வரும் ஆதாயம். இதைவிடத் தெளிவாகத் திட்ட அறிக்கை எழுத முடியுமா? ‘ஊதியக்குறை நல்கை’ என்று வையுங்கள். நிதி, மானியம் இரண்டும் வடசொல். கொடைக்கு நம்மிடம் நல்கை இருக்கிறது.

செ.ம. எழுதியது:

ஐயா, குறள் பொருத்தம்தான். ஆனால் இன்றைக்கு ஊதியம் என்றால் சம்பளம். ‘ஊதியக்குறை’ என்று அச்சடித்தால் தூய்மைப் பணியாளர்களின் சம்பளப் பாக்கி என்றுதான் உறுப்பினர் படிப்பார்.

ப.லோ. எழுதியது:

நான் ஈரோட்டில் ஜவுளி வணிகத்தில் இருப்பவள். எங்கள் கடைத்தெருவில் இதற்குச் சொல் தேடவேண்டியதே இல்லை. ‘இந்த விலைக்குக் கட்டுபடியாகாதுங்க.’ நூல் விலை, கூலி, வட்டி, வண்டி வாடகை எல்லாம் கணக்குப் போட்ட பிறகு வாயில் வரும் சொல் அது. முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை, இந்தக் கணக்கில் நிற்காது என்று அர்த்தம். வயபிலிட்டி என்பது இதுதானே? ‘கட்டுபடிக்குறை நிதி’ என்று வைத்தால் கவுன்சிலருக்கு விளக்கம்கூடத் தேவைப்படாது.

த.நி. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். ப.லோ. அக்காவின் சொல் எங்களுக்கும் விளங்கும். ஆனால் கையேடு இங்கேயும் வாசிக்கப்படும் என்றால் சுற்றியுள்ள சொற்களையும் பார்க்கவேண்டும். நீங்கள் கொள்முதல் என்பதை நாங்கள் பெறுகை என்போம், நீங்கள் ஒப்பந்தப்புள்ளி என்பதை விலைமனு என்போம். ஒப்பந்தம் விளங்குகிறது, அதில் புள்ளி எங்கே இருந்து வந்தது?

மா.பெ. எழுதியது:

நல்ல கேள்வி. புள்ளி என்றால் கணக்கு, மதிப்பீடு. புள்ளிவிவரம், விலைப்புள்ளி, ‘பெரிய புள்ளி’ எல்லாம் அந்த வழிதான். ஓலையில் குத்திய குறி எண்ணாகி, எண் தொகையாகி, தொகை ஆளாகிவிட்டது என்பது என் துணிபு.

கட்டுபடிக்கு வருவோம். இதில் படி என்பது அளவை. அகவிலைப்படி, பயணப்படி இரண்டிலும் அதே படிதான் கொடுக்கப்படும் தொகையாக நிற்கிறது. ஆகக் கட்டுபடி என்றால் செலவை ஈடுகட்டும் படி. வினைத்தொகை, எனவே ப் மிகாது. அப்படிக் கொண்டால் நிதி என்ற சொல்லே மிகை. ‘கட்டுபடி’ என்று மட்டும் வைத்தாலே அரசு தரும் தொகையைக் குறித்துவிடும்.

இ.சு. எழுதியது:

மா.பெ. ஐயாவின் சொற்பிறப்பு அழகாக இருக்கிறது, ஆனால் சான்று இல்லை. ‘கட்டுப்படு’ என்ற வினையில் இருந்து ‘கட்டுப்படி’ வந்தது என்றும் அதே அளவு உறுதியுடன் சொல்லலாம், அப்போது ப் மிகும். பத்திரிகைகள் இரண்டு விதமாகவும் எழுதுகின்றன. வெள்ளிக்கிழமைக்குள் இது தீராது. பொருளே மாறும்படி ‘கட்டுபடி’ என்று மட்டும் வைப்பது வேண்டாம். இருக்கும் சொல்லின் பொருளை வெட்டி ஒட்டினால் பேச்சுத் தமிழை எடுத்ததன் பயனே போய்விடும்.

க.வே. எழுதியது:

ஒரு தடங்கல். குறை என்று பெயரிலேயே வைத்தால் ஹைதராபாத் மெட்ரோவை எப்படிச் சொல்வீர்கள்? அங்கே 2008இல் வேலையை எடுத்த மேட்டாஸ் நிறுவனம், அரசிடம் ஒன்றும் கேட்காமல், ஒப்பந்தக் காலம் முழுவதற்குமாக 30,311 கோடி ரூபாய் தானே அரசுக்குத் தருவதாகச் சொன்னது. எதிர்மறை மானியம் என்று அப்போது பேசினார்கள். அதே குடும்பத்தாரின் சத்யம் கணினி நிறுவனம் கணக்கு மோசடியில் விழுந்ததோடு அந்த ஒப்பந்தமும் போயிற்று. 2010இல் மறு டெண்டரில் எல் அண்ட் டி வந்தபோது 1,458 கோடி கேட்டது. ஒரே தடம், ஒரே ஊர்.

செ.ம. எழுதியது:

இந்த எடுத்துக்காட்டைக் கையேட்டிலேயே சேர்க்கலாம் போலிருக்கிறது. ஆனால் முதல் டெண்டரில் குறையே காட்டவில்லை, எனவே அது இந்த நிதி அல்ல, அரசுக்கு வரும் பங்கு. பெயர் இடிக்கவில்லை.

மா.பெ. எழுதியது:

சரி, ‘குறை’ இருக்கட்டும். ‘நிதி’ என்ற சொல்லை ஏற்கமாட்டேன். நல்கை என்ன தவறு செய்தது?

இ.சு. எழுதியது:

கேரளத்தின் விழிஞ்ஞத்தைப் பாருங்கள் ஐயா. அந்தத் துறைமுகத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய வி.ஜி.எஃப். 817.80 கோடி. அதைப் பின்னாளில் வருவாய்ப் பங்காகத் திருப்பித் தரவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அப்படிக் கேட்கவில்லையே என்று கேரள அரசு பலமுறை எழுதிப் பார்த்தும் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில் அந்த நிபந்தனையோடுதான் கையெழுத்தானது. நல்கை என்றால் கொடுத்ததோடு முடிந்தது. திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தை நல்கை என்று உறுப்பினரிடம் சொல்லி, அவர் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டால் யார் பொறுப்பு? நிதி எந்தப் பக்கமும் சாயாத சொல். வடசொல்லாக இருக்கட்டும், பொய் சொல்லவில்லை.

த.நி. எழுதியது:

இது நியாயம். எனக்குக் ‘கட்டுபடிக்குறை நிதி’ சரி.

ப.லோ. எழுதியது:

கையேட்டில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: குறை எவ்வளவு என்று கணக்குப் போட்டது யார்? வண்டி எத்தனை ஓடும், குப்பை எத்தனை டன் வரும் என்பதைக் குறைத்துக் காட்டினால் குறை பெரிதாகும், டெண்டருக்கு வருபவர் ஒருவரே என்றால் அதைக் குறைத்துக் கேட்கவும் ஆளில்லை. நான் வியாபாரி, கட்டுபடியாகவில்லை என்று சொல்பவரிடம் முதலில் கணக்கு நோட்டைத்தான் கேட்பேன். கவுன்சிலரும் கேட்கவேண்டும்.

செ.ம. எழுதியது:

அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். முதல் இடத்தில் ‘கட்டுபடிக்குறை நிதி எனப்படும் வி.ஜி.எஃப்.’, அதன் பிறகு தமிழ்ச் சொல் மட்டும். ப் போடவில்லை, மெய்ப்புப் பார்ப்பவர் கேட்டால் இந்த இழையைக் காட்டுகிறேன். அனைவருக்கும் நன்றி.

க.வே. எழுதியது:

என் கருத்து மாறவில்லை. டெண்டர் ஆவணத்தில் வி.ஜி.எஃப். என்றுதான் இருக்கும், கவுன்சிலர் அதைப் படிக்கவேண்டியவர். இரண்டையும் கடைசிப் பக்கம் வரை சேர்த்தே போடுங்கள்.

மா.பெ. எழுதியது:

பெரும்பான்மைக்குத் தடையில்லை, ஆனால் உடன்பாடும் இல்லை. விழிஞ்ஞத்தில் நிபந்தனை வைத்தது அரசு. அதற்காக நல்கையின் பொருளைக் குறை சொல்வது முறையல்ல. திருப்பித் தரவேண்டியதைக் கடன் என்று நேராக எழுதட்டும், மற்றவற்றை நல்கை என்று எழுதட்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இந்த வழக்கே வந்தது. அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எழுப்புவேன்.