கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும் வீடு தூரம்தான்

பொகவந்தலாவைக்காரன்
அப்பா இறந்த செய்தி வந்தபோது துபாயில் வேலையில் இருந்தேன். எப்படியோ டிக்கெட் கிடைத்தது. நாலரை மணி நேரத்தில் கட்டுநாயக்க விமான நிலையம். காலை எட்டு மணிக்கெல்லாம் வேனில் ஏறிவிட்டேன். மலையகத்தில் எங்கள் தோட்டத்துக்கு மிச்சம் 150 கிலோமீட்டர் சொச்சம்தான், மத்தியானத்துக்குள் அப்பா முகத்தைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஜூன் மாத மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வட்டவளையில் மண்மேடு சரிந்து பாதை மூடிக் கிடந்தது. பெக்கோ வந்து மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தது. நாலு மணிக்கு அக்கா போன் பண்ணினாள். "தம்பி, எங்கடா வந்துகிட்டு இருக்க? இருட்டுறதுக்குள்ள எடுக்கணும்னு சொல்றாங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் தப்பு மேளச் சத்தம் கேட்டது. அக்கா போனை வைக்கவில்லை. எங்கள் லயத்து வீட்டிலிருந்து அந்தச் சத்தம் தூரமாகிப் போவதை வேனுக்குள் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

பதுளைப் பிள்ளை
விமானத்தைப் பிடிக்க நான் ரயிலை நம்பிப் போனேன். பதுளையிலிருந்து கொழும்பு 292 கிலோமீட்டர். ஒழுங்காக ஓடினாலே பத்து மணி நேரம். பட்டிப்பொலையில் 1,898 மீற்றர் உயரம் வரை ஏறி இறங்கும் பாதையில் வேகம் எங்கே வரும்? அன்று நானுஓயாவில் வேறு ஒன்றரை மணி நேரம் நின்றது. சென்னைக்குப் பறக்கிற நேரமே அவ்வளவுதான். விமான நிலையத்தில் கவுண்டர் மூடிய பிறகு போய் நின்றேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்ட அலுவலர், பதுளை என்றதும், "இந்த நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டா பிந்தினீர்கள்?" என்றார். இன்னும் காதிலேயே நிற்கிறது.

ஹட்டன் வேன்
வேன் ஓட்டுகிற நானும் கடுகண்ணாவை மலைப்பாதைப் பனியில் ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றிருக்கிறேன். பொகவந்தலாவை அண்ணே, கொழும்புக்குள் நுழைந்தீர்களா? நுழைந்தால் நேரம் போச்சு. அதிவேகப் பாதையில் கெரவலப்பிட்டி வந்து, அங்கிருந்து வெளிச்சுற்றுப் பாதையில் கடுவெலையில் இறங்கினால் அவிசாவளை ரோடு. கித்துல்கலை தாண்டி ஏற்றமும் வளைவும். கூகுள் காட்டும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை நம்ம மேற்குப் பக்கம் மழை, வருடக் கடைசியில் பதுளைப் பக்கம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிவப்பு என்றால் கண்டி வழியாகத் திருப்புங்கள்.

நோர்வூட்
வேன்காரத் தம்பி, பொகவந்தலாவைக்காரர் வழி கேட்கவில்லை. அப்பாவைப் பார்க்க முடியாமல் போனதைத்தான் எழுதியிருக்கிறார். கண்டிக்குத் திருப்பினாலும் நாவலப்பிட்டி பாதை கினிகத்தேனையில்தான் வந்து ஏறுகிறது, அப்புறம் அதே வட்டவளைதான். நுவரெலியாவைச் சுற்றினால் இன்னும் எத்தனை மணி நேரம்?

எங்கள் மலையிலிருந்து பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்ற அங்கே தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் வரும். ஒருநாள் அது கிளம்பியதை அம்மா கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தார். கட்டுநாயக்கவுக்கு அரை மணி நேரம் என்றேன். அப்பாவை நெஞ்சுவலியோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோய் அப்போது இரண்டு வருடம். அன்று ஐந்து மணி நேரம் ஆனது. அம்மா, "அரை மணி நேரமா?" என்று திரும்பவும் கேட்டார். ஆமாம் என்றேன். விமானம் மறையும்வரை அவர் கூடையை இறக்கவில்லை.