புயல் ஓய்ந்த மறுநாள் கேட்ட சத்தம்

பனிச்சறுக்கப் போன நாங்கள் நான்கு பேர் மூன்று நாள் பனிப்புயலில் மலைக் குடிலுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். நான்காம் நாள் காலை கதவைத் திறந்தால் வானம் கழுவி விட்டதுபோல் நீலமாக இருந்தது. நான்கு பேருக்கும் ஒரே நினைப்பு: புயல் போய்விட்டது, கிளம்பலாம்.

அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் 3. நடுவில்தானே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். 3 என்றால் ஒரே ஒரு ஆள் கால் வைத்தாலே சரிவு உடையலாம் என்று அர்த்தம். 4, 5 என்று அறிவித்தால் பலரும் வெளியே போவதே இல்லை. 3-க்குத்தான் கிளம்பிவிடுகிறோம், அதிக உயிர்கள் போவதும் அதில்தான்.

குடில் அருகே புதுப்பனி முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. மேலே ஏற ஏற, முகட்டில் காற்றடித்த பக்கம் பாறையே தெரிந்தது. அந்தப் பனியெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். காற்று அதை வாரிக்கொண்டுபோய் மறுபக்கம் கொட்டியிருந்தது. நாங்கள் நடந்துகொண்டிருந்ததும் அந்தப் பக்கம்தான். ஆழம் பார்க்கும் கம்பியைக் குத்தினால் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம். 'வும்ஃப்' என்று, காலடியில் தரையே பெருமூச்சு விட்டதுபோல. நாங்கள் நின்றிருந்தது கிட்டத்தட்ட சமதளம். என் பனிச்சறுக்குக் கட்டையின் நுனியிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. இடதுபுறம், நாங்கள் யாரும் கால் வைக்காத சரிவு, அப்படியே பாளமாக உடைந்து இறங்கியது. எங்களுக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் முன்னால் போயிருந்தால் அதன் வழியில் இருந்திருப்போம்.

புயலுக்கு முன் குளிர்ந்த, தெளிந்த இரவுகள் பல இருந்தன. அப்போது அடியில் கிடந்த மெல்லிய பனி சர்க்கரைபோல் உதிரியாகிவிட்டிருக்கிறது. அதன் மேல் கனத்த பாளம் உட்கார்ந்தது. உதிரி அடுக்கு ஓரிடத்தில் நொறுங்கினால் போதும், அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடி, செங்குத்தான இடத்தில் பாளத்தைக் கழற்றிவிடும். அதனால்தான் நாங்கள் சமதளத்தில் நின்றும் பக்கத்துச் சரிவு உடைந்தது.

*

படிக்கவே பதறுகிறது. நாங்களும் ஒருமுறை பனிச்சரிவில் மாட்டினோம், எங்களுக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை. முந்தின நாள் யாரோ போன தடம் இருந்தது, அதை நம்பி இறங்கினோம். தடம் இருந்தால் பத்திரம் என்று இல்லை, இப்போது தெரிகிறது.

நண்பர் முழுதாகப் புதைந்தார். புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையால் காட்டும் ட்ரான்சீவர் கருவியால் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம். தோண்டுவதுதான் நேரத்தைத் தின்றது. நின்றுபோன பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடுகிறது, கையால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் பிழைக்கிறார்கள். கம்பி தட்டிய இடத்துக்கு நேர் மேலே நின்று தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து குடைந்து போனோம். முகம் தெரிந்தபோது நீலம் பாரித்திருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. மண்வெட்டியை மூட்டையில் வைக்க வேண்டாம் என்று அன்று காலை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்தான் கேட்காமல் எடுத்து வைத்தார்.

சரிவின் சாய்வை அன்று அளந்தீர்களா?

*

அளக்கவில்லை. மறுநாள் வரைபடத்தில் பார்த்தோம்: உடைந்த இடம் 37 பாகை. பாளங்கள் பெரும்பாலும் 30-லிருந்து 45 பாகைக்குள்தான் உடைகின்றன. இப்போது 30-க்குக் கீழே இருக்கும் வழியைக் குடிலிலேயே குறித்துக்கொள்கிறோம். தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்றும் பார்த்துவிடுகிறோம். உங்கள் நண்பர் இப்போது எப்படி இருக்கிறார்?