இஃபெமெலு ஏன் ஒபின்ஸேக்குப் பதில் எழுதவில்லை?

வெண்ணிலா, கோவை:
வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் நைஜீரிய எழுத்தாளர் சிமமண்டா என்கோசி அடிச்சியின் ‘அமெரிக்கானா’ (2013) நாவலை எடுத்திருக்கிறோம். நைஜீரியாவின் லாகோஸில் பள்ளிக்கூடத்தில் தொடங்கும் இஃபெமெலு, ஒபின்ஸே காதல். இராணுவ ஆட்சிக் காலம், வேலைநிறுத்தத்தால் பல்கலைக்கழகம் அடிக்கடி மூடிக் கிடக்கிறது. படிப்பை முடிக்க இஃபெமெலு பிலடெல்பியா போகிறாள். ஒபின்ஸே நைஜீரியாவில் காத்திருக்கிறான். கொஞ்ச காலத்தில் அவன் மின்னஞ்சல்களைப் படிக்காமலே விட்டுவிடுகிறாள். ஒரு வரி விளக்கம் இல்லை. பிறகு கர்ட் என்ற வெள்ளைக்கார இளைஞன், அவனுக்குப் பிறகு பிளெய்ன் என்ற கறுப்பின அமெரிக்கப் பேராசிரியர்.

வட்டத்தில் பாதிப் பேர், “வசதியான ஆள் கிடைத்ததும் பழையவனைக் கைகழுவிவிட்டாள்” என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எடுத்துச் சொல்லவும் வரவில்லை. “ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே” என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

சரவணன், திருச்சி:
முதலில் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மௌனம் முன்னால், கர்ட் பின்னால். வேலை தேடி அலைந்து எதுவும் கிடைக்காமல், வாடகைக்கு வழியில்லாத நிலையில்தான் அந்த டென்னிஸ் பயிற்சியாளர் வீட்டுக்குப் போகிறாள். அவன் கேட்ட உடல் நெருக்கத்துக்கு இணங்கியதற்கு 100 டாலர் கையில் வருகிறது. அன்றிலிருந்து படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அது மனச்சோர்வு நோய் என்று தோழி கினிகா சொன்னபோதும் அவளால் ஏற்க முடியவில்லை. இதையெல்லாம் தாண்டிக் குதித்து கர்ட்டிடம் போய் நின்றால் ‘கைகழுவினாள்’ என்றுதான் தோன்றும்.

யோகன், பாரிஸ்:
தங்கச்சி வெண்ணிலா, நான் விமர்சகன் இல்லை, குசினியிலை வேலை செய்த ஆள். மகள் தந்து வாசிச்சன்.

உங்கடை வட்டத்திலை இதைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை வேலை தேடினது தன்ரை பேரிலை இல்லை. மாணவர் விசாவிலை வெளியிலை வேலை செய்யேலாது எண்டு உஜு அன்ரி வேறை ஒரு பொம்பிளையின்ரை அட்டையைக் குடுத்து விடுறா. அங்காலை ஒபின்ஸேக்கு அமெரிக்க விசா கிடைக்கேல்லை, லண்டனுக்கு வாறான். அவனும் வின்சென்ட் எண்ட இன்னொருத்தன்ரை இலக்கத்திலை வேலை, சம்பளத்திலை ஒரு பங்கு வின்சென்ட்டுக்கு. கக்கூசு கழுவுறான், கிட்டங்கியிலை சாமான் ஏத்துறான், கடைசியிலை பேப்பருக்காகச் செய்யப் போன கலியாணத்தண்டு பிடிபட்டு லாகோஸுக்குத் திருப்பி அனுப்புறாங்கள். ரெண்டு பேரும் ரெண்டு நாட்டிலை ஆரோ ஒருத்தரின்ரை பேருக்குத் திரும்பிப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கினம். ஆனா ஒராளின்ரை பாடு மற்றாளுக்குத் தெரியாது.

நான் இங்கை வந்த புதிசிலை வேறொரு பெடியன்ரை அட்டையிலைதான் ஒரு உணவகத்திலை கோப்பை கழுவினனான். பக்கத்துத் தொட்டியிலை மாலி நாட்டுக்காரன் ஒருத்தன், அவன் தன்ரை ஒண்டுவிட்ட தமையன்ரை அட்டையிலை. முதலாளி என்னைக் கூப்பிட்டா எனக்கு உறைக்காது. அவன் ஈரக் கையாலை என்ரை முழங்கையிலை தட்டுவான். அவனைக் கூப்பிட்டா நான் தட்டுவன். ஞாயிற்றுக்கிழமையிலை கூண்டுக்குள்ளை நிண்டு பமாக்கோவுக்கு ரெலிபோன் எடுப்பான். அங்கை அவனுக்குப் பேசி வைச்ச பிள்ளை. என்ன வேலை எண்டு அவள் கேட்க, கந்தோரிலை, அதுதான் ஒபீசிலை, எண்டு சொல்லிப்போட்டான். அடுத்த கிழமை கந்தோர் எப்பிடி, ஆர் ஆர் கூட வேலை எண்டு கேட்டிருக்கிறாள். பிறகு எடுக்கிறதைக் குறைச்சு, ஒரேயடியா விட்டிட்டான். அவள்மேலை விருப்பம் போனதெண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை. படுக்கிற இடத்திலை அவளின்ரை படம் அப்பிடியேதான் கிடந்தது. நானும் அந்தக் காலத்திலை அம்மாவுக்குக் காயிதம் போடாமல் இருந்தனான்.

ஒபின்ஸேக்கு இஃபெமெலுவின்ரை ஒவ்வொரு மூச்சும் தெரியும். ‘ஹலோ’ எண்டாலே பிடிச்சிடுவான். அவனிட்டைப் பொய்யும் சொல்லேலாது, உண்மையும் சொல்லேலாது. கர்ட்டோடை அந்தப் பயம் இல்லை. பழைய இஃபெமெலுவை அவன் கண்டதே இல்லை. அதாலைதான் அவனோடை சிரிக்க முடிஞ்சது.

வெண்ணிலா, கோவை:
யோகன் அண்ணா, கர்ட் பற்றி நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் இரவல் பெயரில் உழைத்ததை நான் தனித்தனியாகத்தான் படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதை அப்படியே வைக்கிறேன்.

நசீமா, சென்னை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நைஜீரியாவில் இருந்தவரை அவளுக்குத் தன் நிறம் ஒரு விஷயமே இல்லை. அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் ‘கறுப்பி’ ஆகிறாள். அந்தப் புது அடையாளத்தோடு அவளுக்கு நேர்ந்ததை, அதே தோலோடு நைஜீரியாவில் இருந்த ஒபின்ஸேக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது? உஜுவின் மகன் டீக்கே தற்கொலைக்கு முயன்ற பிறகு, நீ கறுப்பன் இல்லை என்று பிள்ளையிடம் சொன்னீர்கள், பிறகு யார் என்று சொன்னீர்களா என்று உஜுவிடம் இஃபெமெலு ஆத்திரப்படும் இடத்தை மறுபடி படியுங்கள். அந்த வீட்டிலும் பேசாமல் விட்டதுதான் பிள்ளையை அந்த இடத்துக்குக் கொண்டுபோகிறது. லாகோஸ் திரும்பிய பிறகு டென்னிஸ் பயிற்சியாளர் விஷயத்தை ஒபின்ஸேயிடம் அவள் வாய்விட்டுச் சொல்லத்தான் செய்கிறாள். அதற்குத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

சரவணன், திருச்சி:
எல்லாம் சரி, கோஸியை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். ஒபின்ஸேயின் மனைவி, கையில் புச்சி என்ற பெண் குழந்தை. கணவன் மறுபடி இஃபெமெலுவிடம் போவது தெரிந்தும் தெரியாதவள்போல் குடும்பத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அவளை மேலோட்டமான, பக்திப் பழமான பெண்ணாக எழுதியதால்தான் நமக்கு வலிக்கவில்லை. அது கதாசிரியரின் குறை என்றே நினைக்கிறேன்.

நசீமா, சென்னை:
கோஸி விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், சரவணன். வெண்ணிலா, அடுத்த மாதத்துக்கு டினாவ் மெங்கெஸ்துவின் ‘தி பியூட்டிஃபுல் திங்ஸ் தட் ஹெவன் பேர்ஸ்’ (2007) எடுங்கள். வாஷிங்டனில் மளிகைக்கடை வைத்திருக்கும் எத்தியோப்பியர் ஒருவர், பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் வெள்ளைக்காரப் பெண், அவளுடைய கலப்பின மகள் நவோமி. அவரும் நவோமியும் கடையில் உட்கார்ந்து ‘கரமசோவ் சகோதரர்கள்’ படிக்கிறார்கள். அங்கேயும் ஒரு காதல் சொல்லப்படாமலே போகிறது, ஆனால் அந்த மனிதர் எந்த ஊருக்கும் ஓடிப்போகவில்லை, கடையிலேயேதான் இருக்கிறார். உங்கள் வட்டத்தில் அவரை யார் குறை சொல்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.